வீட்டில் சுடும் நாய் பிஸ்கட்: மலையக அடுப்படிக்கான கேள்வி பதில்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கிடைக்கும் மா, காய்கறி, அடுப்பு, அங்குள்ள ஈரக் காற்று ஆகியவற்றை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். "ஆசையாகச் சுட்டேன், நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது" என்பதுதான் எல்லாக் கேள்விகளையும் விட அடிக்கடி வருவது. அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கடையில் பிஸ்கட் கிடைக்கும்போது வீட்டில் ஏன் சுட வேண்டும்?

கட்டாயமில்லை. ஆனால் நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் நாய்க்குப் போடுவது நாய் பிஸ்கட் அல்ல. தேநீரோடு நாம் சாப்பிடும் மாரி பிஸ்கட்டையோ கிரீம் பிஸ்கட்டையோதான் போடுகிறோம். அதில் சீனி இருக்கிறது, கிரீம் வகையில் கொழுப்பும் கூட, சொக்லட் வகையென்றால் நஞ்சும் இருக்கிறது. வீட்டில் சுட்டால் சீனியும் உப்பும் இல்லாமல், உள்ளே என்ன போனது என்று நமக்கே தெரிந்த ஒரு துண்டைக் கொடுக்கலாம். அதற்கு மேல் பெரிய காரணம் தேவையில்லை.

முதல் தடவை சுடுகிறேன். எந்த அளவில் தொடங்கலாம்?

குரக்கன் மா 100 கிராம், ஆட்டா மா 100 கிராம், வேகவைத்து மசித்த பூசணி 80 கிராம், முட்டை 1, தேங்காய் எண்ணெய் 1 தேக்கரண்டி. உப்பு, சீனி, அப்பச் சோடா, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டாம். இந்தப் பிஸ்கட் உப்ப வேண்டியதில்லை, காய வேண்டும்.

பூசணியை வேகவைத்ததும் துணியில் போட்டு நன்றாகப் பிழியுங்கள். முதல் தடவை சுடுபவர்களுக்குப் பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். பிழியாத பூசணியைப் போட்டு, மா கையில் ஒட்டுகிறது என்று மேலும் மேலும் மா சேர்ப்பார்கள். கடைசியில் பிஸ்கட் கல்லாகிவிடும், பூசணி வாசனையும் இருக்காது. இரண்டு மாவையும் கலந்து, முட்டையும் எண்ணெயும் பூசணியும் சேர்த்து 5 நிமிடம் பிசையுங்கள். ரொட்டி மாவை விடச் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வையுங்கள். குரக்கன் மெதுவாகத்தான் தண்ணீரை இழுக்கும். உடனே தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும்.

பிறகு இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவே வைத்து 6 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேயுங்கள். 3 சென்ரிமீற்றர் சதுரமாகக் கத்தியால் வெட்டி, ஒவ்வொன்றிலும் முள்ளுக்கரண்டியால் இரண்டு இடத்தில் குத்துங்கள். நீராவி வெளியேற வழியில்லாவிட்டால் நடுவில் பொருமி, உள்ளே பச்சையாக நின்றுவிடும். சுமார் 50 துண்டு வரும்.

அவனை (ஓவன் அடுப்பை) 160 பாகை செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் 25 நிமிடம் சுடுங்கள். புரட்டிப்போட்டு இன்னும் 15 நிமிடம். பிறகு அவனை நிறுத்தி, கதவை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து, ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். மேசையில் வைக்கும் சின்ன அவனில் கீழ்க்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அடிப்பக்கம் கருகும். ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை வைத்துச் சுட்டால் அது குறையும்.

காய்ந்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை நம்பாதீர்கள். குரக்கன் தொடக்கத்திலேயே பழுப்புத்தான். தராசை நம்புங்கள். வெட்டிய துண்டுகளைச் சுடுமுன் மொத்தமாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவில் 330 கிராம் அளவில் இருக்கும். காய்ந்து முடிந்ததும் அது மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 220 கிராமாகவோ அதற்குக் கீழாகவோ வந்திருக்க வேண்டும். 250 கிராம் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, நான்காம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். திரும்ப 100 பாகையில் 40 நிமிடம் காயவிடுங்கள். தராசு இல்லாதவர்கள் ஆறிய துண்டை உடைத்துப் பாருங்கள். "டக்" என்று முறிய வேண்டும். வளைந்து பிய்ந்தால் போதவில்லை.

எங்களிடம் அவன் இல்லை. லயத்து வீட்டில் விறகடுப்புத்தான்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, தடித்த அடியுள்ள பெரிய பாத்திரத்தில் 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்பி, நடுவில் ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி, தணலில் 15 நிமிடம் சூடாக்குவது. சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை கோதுமை மாவைச் சின்னத் தட்டில் தூவி உள்ளே வைத்து 5 நிமிடம் மூடுங்கள். இளம்பழுப்பாக மாறினால் சரி. வெள்ளையாகவே இருந்தால் இன்னும் சூடு வேண்டும். கருகினால் தணலை இழுத்துவிடுங்கள். பிறகு பிஸ்கட் தட்டை வளையத்தின் மேல் வைத்து 40 நிமிடம் மூடிச் சுடுங்கள், பாதியில் ஒரு தடவை புரட்டுங்கள். எரியும் சுவாலையில் வைக்கவே வேண்டாம், தணல் மட்டும்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. அதே மாவை 3 மில்லிமீற்றராக மெலிதாகத் தேய்த்து, ரொட்டிக்கல்லில் எண்ணெய் விடாமல், குறைந்த சூட்டில் பக்கத்துக்கு 8 நிமிடம் சுட்டு, சூடாக இருக்கும்போதே துண்டுகளாக வெட்டுங்கள். அடுப்பு அணைந்த பிறகு கல்லின் மேலேயே பரப்பி, மிச்சச் சூட்டில் இரவு முழுக்க விடலாம். மேலே ஒரு கம்பிவலைக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் எலிக்குத்தான் பிஸ்கட்.

உயரமான இடத்தில் சுடுவதால் அளவை மாற்ற வேண்டுமா?

சுடுவதில் இல்லை, அவிப்பதில் ஆம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பூசணி, வற்றாளை, ஈரல் எல்லாம் கொழும்பில் எடுப்பதை விடச் சில நிமிடம் கூடுதலாக எடுக்கும். கரண்டியால் அழுத்தினால் நார் தெரியாமல் மசிய வேண்டும். கேக் சுடுபவர்களுக்கு உயரம் தலைவலி. உப்பாத பிஸ்கட்டுக்கு அந்தக் கவலையே இல்லை.

அடுத்த நாளே பதத்துப் போகிறது. ஏன்?

காற்றில் உள்ள ஈரத்தைக் காய்ந்த மா இழுத்துக்கொள்கிறது. சூடு முழுதாக ஆறுமுன் டின்னில் போட்டு மூடியிருந்தாலும் இதே கதிதான். நீராவி மூடியில் வேர்த்து, திரும்பப் பிஸ்கட்டிலேயே விழும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். மழை நாளில் அதை வெளியில் வைத்து ஆறவிடாமல், நிறுத்திய அவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

இடத்தையும் மாதத்தையும் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் தென்மேல் பருவ மழையும் மூடுபனியும். அதே ஆடி, ஆவணியில் மலைக்கு அந்தப் பக்கம், பதுளை, பண்டாரவளையில் காற்று காய்ந்து வீசும். ஒரே அளவில் ஒரே நாளில் சுட்டாலும் பண்டாரவளை டின்னில் 3 வாரம் நிற்பது ஹட்டன் டின்னில் 10 நாள்கூட நிற்காது. கார்த்திகை, மார்கழியில் ஊவாப் பக்கமும் மழை பிடிக்கும், அப்போது அங்கேயும் கவனம் வேண்டும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில், அடியில் சின்னத் துணி முடிச்சில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடி வையுங்கள்.

பதத்தது வேறு, பூஞ்சணம் பிடித்தது வேறு. பதத்ததைத் திரும்பச் சுடலாம். ஒரு துண்டில் பச்சையோ வெள்ளையோ நூல் போலக் கண்டால் போத்தலோடு முழுவதையும் கொட்டிவிடுங்கள். தட்டிவிட்டுக் கொடுக்காதீர்கள். சிலவகைப் பூஞ்சண நஞ்சு நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரவைக்கும். கோழிக்கூட்டுப் பக்கமும் எறிய வேண்டாம்.

எதைச் சேர்க்கவே கூடாது?

மலையகத்தில் முதலில் சொல்ல வேண்டியது லீக்ஸ். தோட்டமெங்கும் விளைகிறது, மலிவாகக் கிடைக்கிறது, மரக்கறிதானே என்று போடத் தோன்றும். வெங்காயம், சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், வெள்ளைப்பூண்டு, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வேகவைத்தாலும் காயவைத்துப் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. சாப்பிட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், சில நாள் கழித்துத்தான் சோர்வும் ஈறு வெளிறுவதும் கடும் நிறச் சிறுநீரும் தெரியும். அதனால்தான் பலர் காரணத்தைக் கண்டுபிடிப்பதில்லை. கறிச் சட்டியில் மிஞ்சிய குழம்பை மாவில் சேர்ப்பதும் இதே காரணத்தால் கூடாது.

அடுத்தது தேயிலை. தேயிலைத்தூளிலும் வடித்த சக்கையிலும் கஃபீன் இருக்கிறது. நாய்க்கு அது நெஞ்சுத் துடிப்பையும் நடுக்கத்தையும் கூட்டும். பிஸ்கட்டுக்கு நிறம் வரட்டும் என்று தேநீரால் மா பிசைய வேண்டாம். கோப்பியும் அப்படியே. சொக்லட்டும் கொக்கோவும் அதைவிட மோசம்.

திராட்சையும் காய்ந்த திராட்சையும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு எத்தனை என்று கணக்கே சொல்ல முடியாதபடியால் ஒன்றுகூட வேண்டாம். கண்டி, மாத்தளைப் பக்கம் கைக்கெட்டும் சாதிக்காயும் சேர்க்கக்கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் இரத்தச் சீனியை மளமளவென இறக்கிவிடும். சீனி சேர்க்காத கச்சான் வெண்ணெய் வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். வீட்டிலேயே கச்சான் அரைப்பதென்றால் பூஞ்சணம் பிடித்ததையும் சுருங்கிக் கசப்பதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியுங்கள், அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த பச்சை மா நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அது வயிற்றுக்குள்ளேயே உப்பும், மதுசாரமும் உண்டாக்கும்.

தவறி ஏதாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே கொல்லக்கூடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு மிருக வைத்தியரை அழையுங்கள்.

இங்கே கிடைப்பதில் எது நல்லது?

பூசணி, கரட், போஞ்சி, வற்றாளை. நான்கும் வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். வற்றாளையின் இனிப்பு பல நாய்களுக்குப் பிடிக்கும். அதைப் போடும்போது எண்ணெயை விட்டுவிடலாம். பீட்ரூட் சேர்த்தால் மலமும் சிறுநீரும் சிவக்கக்கூடும், பயப்பட வேண்டாம். கோவா கொஞ்சம் போதும், கூடினால் வாயு. உருளைக்கிழங்கு வேகவைத்தது மட்டும். பச்சை நிறம் ஏறியதும் முளைவிட்டதும் கூடாது. மரவள்ளியைத் தவிர்ப்பது நல்லது. மருந்தடித்த தோட்டத்திலிருந்து நேரே பிடுங்கியதை நன்றாகக் கழுவி, தோல் சீவிப் பயன்படுத்துங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஆட்டா மாவுக்குப் பதில் அரிசி மா போடலாம். அப்போது மா ஒட்டிப் பிடிக்காது. முட்டை 2 ஆக்கி, பூசணியை 50 கிராமாகக் குறையுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கலாம்?

தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு வேண்டிய கலோரியில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. நமது 3 சென்ரிமீற்றர் துண்டு ஒன்று சுமார் 16 கலோரி. 5 கிலோ நாய்க்கு 2, 10 கிலோ நாய்க்கு 4 அல்லது அதற்குச் சற்றுக் கீழே, 20 கிலோ நாய்க்கு 6. பழக்குவதற்குக் கொடுப்பதென்றால் 1 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டிச் சுடுங்கள். ஒன்பது சின்னத் துண்டு சேர்ந்தால்தான் ஒரு பெரிய துண்டு. நாய் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், பருமனை அல்ல.

புதிதாகச் சேர்க்கும் எதையும் முதல் நாள் கால் துண்டு மட்டும் கொடுத்து, 24 மணி நேரம் கழிச்சலோ சொறிச்சலோ வருகிறதா என்று பாருங்கள்.

நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. என்ன பிழை?

பெரும்பாலும் வாசனை. நம் நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள், நாயின் நாக்கில் சுமார் 1,700 தான். அது மூக்கால்தான் முடிவெடுக்கிறது. குரக்கனும் பூசணியும் நமக்கு மணக்கும். பக்கத்து வீட்டுக் கருவாட்டு மணத்தில் பழகிய நாய்க்கு அது அட்டை மாதிரி. குளிர்ந்த துண்டில் வாசனை எழும்பாது, மலையகத்துக் காலைக் குளிரில் இன்னும் குறையும். அதே துண்டை ரொட்டிக்கல்லில் ஒரு நிமிடம் சூடாக்கி, கை பொறுக்கும் சூட்டில் கொடுத்துப் பாருங்கள். வேறு எதையும் மாற்றாமலே பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரமானது? சோறும் மீனும் தின்று அரை மணி நேரத்தில் எந்த நாயும் பிஸ்கட்டுக்கு ஆசைப்படாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். உங்கள் கையில் தைலம், சவர்க்காரம், சிகரெட், மண்ணெண்ணெய் வாசனை இருக்கிறதா? சளிக்குத் தைலம் தடவிய கையால் நீட்டிய எதையும் பல நாய்கள் தொடாது. தரையில் வைத்துவிட்டு விலகுங்கள். மா பழையதா? தவிட்டோடு அரைத்த ஆட்டாவும் குரக்கனும் திறந்து வைத்தால் எண்ணெய் சிக்கடிக்கும். நமக்குத் தெரியுமுன் நாய்க்குத் தெரிந்துவிடும். அடி கருகியதா? கசக்கும். மிகக் கடினமா? நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடமே விழாத அளவு கடினமென்றால் பல்லுக்கு ஆபத்து. வயதான நாய் அதைக் கடிக்கத் தெரியாமல் விடுவதில்லை, வலிக்கும் என்று விடுகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் அதுவே தின்னும்.

எல்லாம் சரியாக இருந்தும் தொடவில்லையென்றால், அது புதிது என்பதே காரணமாக இருக்கலாம். சில நாய்கள் முன்பின் தெரியாத உணவை மூன்று நான்கு நாள் முகர்ந்து மட்டும் பார்க்கும். தினமும் ஒரு துண்டை நொறுக்கி வழக்கமான சோற்றின் மேல் தூவுங்கள். சோற்றோடு உள்ளே போய், வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பழகியதும் தனித்துண்டையும் எடுக்கும்.

வாசனையைக் கூட்ட எதைச் சேர்க்கலாம்?

ஈரல்தான் ராஜா. கோழி ஈரல் 200 கிராம், முட்டை 1, அரிசி மா 120 கிராம். பச்சையாகவே அரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் 1 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பி, 170 பாகையில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வர வேண்டும், வெட்டினால் உள்ளே சிவப்புத் தெரியக்கூடாது. ஆறியதும் 1 சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டுங்கள். ஒன்று சுமார் 2 கலோரி. இது ஈரமான பண்டம், டின்னில் நிற்காது. ஃபிரிட்ஜில் 3 நாள், உறைநிலையில் 2 மாதம். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம், ஆகையால் தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

நெத்தலிக் கருவாட்டில் உப்பு அதிகம். தண்ணீரை மூன்று தடவை மாற்றி, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடம் ஊறவைத்து, வறுத்துப் பொடித்து, மேலே சொன்ன முதல் கலவைக்கு ஒரே ஒரு தேக்கரண்டி. பச்சை நெத்தலியை வேகவைத்து மசிப்பது இன்னும் நல்லது.

மெனக்கெட்டுச் செய்தும் ஒதுக்கிவிட்டதே என்று மனம் நொந்துபோகிறது.

நோகத்தான் செய்யும். மா சலித்து, பூசணி பிழிந்து, இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று செய்தது அது. நாம் அன்பாகக் கொடுத்ததை ஒருவர் தொடாமல் வைத்தால் அன்பையே தொடவில்லை என்று நமக்குத் தோன்றும். மனிதரிடம் அது சில வேளை உண்மையாகவும் இருக்கும். நாயிடம் அப்படி இல்லை. பிஸ்கட்டை ஒதுக்கிய அதே நாய் அடுத்த நிமிடம் உங்கள் காலடியில் வந்து படுக்கிறதா? அது ஒதுக்கியது ஒரு வாசனையை, ஒரு கடினத்தை, ஒரு நேரத்தை. உங்களை அல்ல.

இன்னொன்றும் உண்டு. நாய் மரியாதைக்காகச் சாப்பிடாது. "நல்லாயிருக்கு அக்கா" என்று பொய் சொல்லாது. அதனால் அது சொல்லும் "வேண்டாம்" சமையல் பழகுகிறவருக்கு மிகவும் பயனுள்ள பதில். என்ன அளவில் செய்தீர்கள், எவ்வளவு நேரம் சுட்டீர்கள், முகர்ந்ததா, நக்கியதா, வாயிலெடுத்துத் துப்பியதா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முகராமலே போனால் வாசனை போதவில்லை. நக்கிவிட்டு விட்டால் சுவை பிடித்தது, கடினம் பிடிக்கவில்லை. வாயிலெடுத்துத் துப்பினால் பல்லையோ கசப்பையோ பாருங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு திருத்தம்.

முதலிரண்டு தடவை 50 கிராம் மாவில் மட்டும் செய்யுங்கள். ஒதுக்கப்பட்டாலும் கைப்பிடியளவுதான் வீண். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாவையும் மாற்றி, ஈரலும் சேர்த்து, தடிப்பும் குறைத்து, நாய் தின்றுவிட்டால் எதனால் தின்றது என்று உங்களுக்குத் தெரியாது. கட்டாயப்படுத்தி வாயில் திணிக்காதீர்கள், பட்டினி போட்டும் பழக்காதீர்கள். அந்தப் பிஸ்கட்டின் மேல் உள்ள அலட்சியம் பயமாக மாறிவிடும், அதை மாற்ற மாதக்கணக்காகும்.

இரண்டில் எது பிடிக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே மாதிரி இரண்டு தட்டு, ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி. நாயைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் முகரவிட்டு, பின்னே இழுத்து, விடுங்கள். முதலில் எதைத் தின்றது என்று மட்டும் குறியுங்கள். அடுத்த தடவை தட்டுகளை இடம் மாற்றுங்கள். பல நாய்கள் எப்போதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ போகும் பழக்கமுள்ளவை, இடம் மாற்றாவிட்டால் நீங்கள் பார்ப்பது அந்தப் பழக்கத்தைத்தான். நாளுக்கு இரண்டாக 5 நாள், மொத்தம் 10 தடவை. 8 தடவை ஒன்றையே எடுத்தால் அதுதான் அதன் விருப்பம். ஐந்துக்கு ஐந்து என்றால் மலிவானதைச் சுடுங்கள்.

வாங்கிக்கொண்டு போய் மண்ணில் புதைக்கிறது.

அது ஒதுக்கல் இல்லை, சேமிப்பு. இப்போது பசியில்லை, ஆனால் விட மனமில்லை என்று பொருள். துண்டைச் சின்னதாக்குங்கள்.

எப்போது இதை நோயாக நினைக்க வேண்டும்?

பிஸ்கட்டை மட்டும் ஒதுக்கினால் சமையல் விஷயம். வழக்கமான சோற்றையும் ஒதுக்கினால் உடம்பு விஷயம். வளர்ந்த நாய் ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குட்டியென்றால் அரை நாள்கூடப் பொறுக்காதீர்கள். இலங்கையில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். பசி போதல், காய்ச்சல், ஈறு வெளிறல், கடும் நிறச் சிறுநீர் ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே போங்கள். நேற்று வரை கடித்து நொறுக்கிய நாய் இன்று ஒரு பக்கத்தால் மெல்லுகிறதென்றால் பல்லைப் பாருங்கள். உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடத்தோடு சேர்ந்த வைத்தியசாலையும் உண்டு.

தோட்டத்து நாய்களுக்குக் கொடுத்தால் கிட்டவே வருவதில்லை.

கல்லெறி பட்டுப் பழகிய நாய்க்குக் குனியும் மனிதர் என்றால் கல் பொறுக்குகிறவர்தான். குனியாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, துண்டைத் தரையில் போட்டுவிட்டு நடந்து போய்விடுங்கள். ஒரே நேரம், ஒரே இடம். பத்து நாளில் காத்திருக்கும். கையால் ஊட்ட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

"மனுசனுக்கே மா விலை ஏறிக் கிடக்கு, நாய்க்குப் பிஸ்கட்டா?" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விலையேற்றத்தைத் தாங்கிய வீடு அப்படித்தான் கேட்கும். சண்டை வேண்டாம், செலவைக் காட்டுங்கள். வீட்டுக்கு அரிசி இடிக்கும்போது சல்லடையில் மிஞ்சும் குறுணல், ரொட்டிக்குப் பிசைந்ததில் உப்புப் போடுமுன் எடுத்த ஒரு பிடி, கறிக்கு வெட்டிய பூசணியின் மிச்சம், இவற்றிலேயே ஒரு வாரத்துக்குப் போதுமான துண்டு வரும். சோறு சமைத்து அணைந்த அடுப்பின் சூட்டில் சுட்டால் விறகுச் செலவும் இல்லை.

விற்கலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கடைக்காரரின் "வேண்டாம்" என்பதற்கும் காரணம் உண்டு, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். "எத்தனை நாள் தாங்கும்? பழுதானால் திருப்பி எடுப்பீர்களா?" இவ்விரண்டுக்கும் பதில் இல்லாமல் போனவர்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறார். ஒரே தடவை சுட்டதில் 6 பக்கெட் ஒதுக்கி, வாரம் ஒன்றாகத் திறந்து, உடைத்து, முகர்ந்து குறித்து வையுங்கள். நான்காம் வாரம் சிக்கடித்தால் உங்கள் காலம் 3 வாரம். அதைத்தான் பக்கெட்டில் அச்சிட வேண்டும். சேர்த்த பொருள்கள், நிறை, சுட்ட திகதி, எத்தனை கிலோ நாய்க்கு எத்தனை துண்டு என்பதும் இருக்கட்டும். விலை போடும்போது மா, முட்டையோடு மின்சாரம், பக்கெட், திரும்பி வரும் பக்கெட், உங்கள் மணித்தியாலக் கூலி எல்லாம் சேருங்கள். கூலியை விட்டுவிட்டுப் போட்ட விலையில் பிறகு தொடர முடியாது.

விற்பனைக்கு முன் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றியும், பேராதனை கெட்டம்பேயிலுள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தில் விலங்குணவுக்கான விதிகள் பற்றியும் கேளுங்கள். முதல் கடை மறுத்தால் அடுத்த மாதம் அதே கடைக்கே, அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதிலோடு போங்கள். புதுக் கடையை விட, காரணம் சொல்லி மறுத்த கடையில் வாய்ப்பு அதிகம்.

தீபாவளிப் பலகாரம் கொஞ்சம் கொடுக்கலாமா?

வேண்டாம். முறுக்கிலும் அதிரசத்திலும் உள்ள எண்ணெய் கணையத்தைத் தாக்கக்கூடும், கேசரியில் காய்ந்த திராட்சை கிடக்கும். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் தின்னும்போது அதற்கும் ஒன்று கொடுக்கத் தோன்றும். ஈரல் கட்டியை முதல் நாளே சுட்டு வையுங்கள்.

பாதி சுடும்போது கரண்ட் போய்விட்டது. எறிய வேண்டுமா?

அவன் கதவைத் திறக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால், விட்ட இடத்திலிருந்து 10 நிமிடம் கூட்டிச் சுடுங்கள். அதற்கு மேல் போனால் குரக்கன் பிஸ்கட்டை ரொட்டிக்கல்லுக்கு மாற்றி, குறைந்த சூட்டில் பக்கத்துக்கு 10 நிமிடம் காயவிட்டு, கரண்ட் வந்ததும் 100 பாகையில் காய்ச்சி முடியுங்கள். ஈரல் பண்டம் அப்படி இல்லை. அரைவேக்காட்டில் இளஞ்சூடாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் கிருமி பெருகியிருக்கும், கொட்டிவிடுங்கள். அதற்குள்ளாக என்றால் துண்டாக வெட்டி, கொதிக்கும் தண்ணீரின் மேல் இட்லித் தட்டில் 20 நிமிடம் அவித்தெடுக்கலாம். வாசனை சற்றுக் குறையும், நாய் அதைப் பொருட்படுத்தாது.